கப்பல் நின்ற காலமும் விமானம் நின்ற காலமும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு உரையின் எழுத்து வடிவம்)



கொள்ளைநோய்க்குப் பிறகு விமானப் பயணம் எப்படி மீண்டு எழுகிறது என்பது இன்றைய தலைப்பு. உம்பாய்க்காரருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். எங்கள் பக்கம் சுட்ட மீனுக்குப் பெயர் பெற்றது. புலாவ் பெசாருக்குப் படகு ஏறும் துறையும் அருகில் இருக்கிறது. விமானம் ஏற வேண்டுமானால் நெடுஞ்சாலையைப் பிடித்து சிப்பாங் வரை போக வேண்டும்.

ஆனால், பயணத்தாலேயே உருவான சமூகம் நம்முடையது. ஜாசின், மெர்லிமாவ் வட்டாரத்துத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர்கள் கடல் கடந்து வந்தவர்கள். ஒரு கொள்ளைநோய் வந்தால் பயணம் எப்படி நிற்கும், எப்படித் திரும்பும், அதன் சுமை யார் தலையில் விழும் என்பதையெல்லாம் நம்மவர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே அனுபவித்துவிட்டார்கள். அந்த வரலாற்றை முதலில் பார்ப்போம்.

1918: கப்பல் காலத்துக் கொள்ளைநோய்

மலாக்காவில் டான் சாய் யான் 1896ஆம் ஆண்டு புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் நாடெங்கும் ரப்பர் தோட்டங்கள் பெருகின. ஆள் தேவையும் பெருகியது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று ஏற்படுத்தப்பட்டது. தமிழ்த் தொழிலாளர்களை வைத்திருந்த முதலாளிகள் அதற்கு வரி கட்டினார்கள். அந்தப் பணத்தில் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் தொழிலாளர்களுக்குக் கப்பல் செலவு கொடுக்கப்பட்டது.

கப்பலின் மேல்தளத்தில் வந்தவர்கள் நேரே தோட்டத்திற்குப் போய்விட முடியாது. பினாங்கில் இறங்கினால் ஜெரஜாக் தீவு முகாம். கிள்ளான் துறைமுகத்தில் இறங்கினால் அங்கே ஒரு முகாம். அம்மையும் வாந்திபேதியும் இல்லை என்று தெரிந்த பிறகே கங்காணியோடு அனுப்பினார்கள். மேல்வகுப்பில் வந்த துரைமார்களுக்கு இந்தக் கெடுபிடி கிடையாது. 2020இல் 'தனிமைப்படுத்தல்' என்ற சொல் நமக்குப் புதிதாகத் தோன்றியது. நம் பாட்டன் பூட்டன்களுக்கு அது இந்த மண்ணில் கிடைத்த முதல் வரவேற்பு.

முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் இன்ஃபுளுவென்சா காய்ச்சல் உலகைச் சுற்றியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். மலாயாவில் 1918 அக்டோபரில் அது உச்சத்தைத் தொட்டது. லயங்களில் நெருக்கமாக வாழ்ந்த தோட்ட மக்களிடையே அது வேகமாகப் பரவியது. அம்மைக்காகக் கட்டிய முகாம்களால் மூச்சுக் காற்றில் பரவும் நோயைத் தடுக்க முடியவில்லை. போரினால் கப்பல்களுக்கும் தட்டுப்பாடு. அந்த ஆண்டு இங்கு வந்த தொழிலாளர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

அடுத்த ஆண்டு என்ன நடந்தது? இவ்வளவு பேரைக் காவு கொண்ட நோய்க்குப் பிறகு மக்கள் கப்பல் ஏற அஞ்சியிருப்பார்கள் என்று நினைப்போம். நடந்ததோ நேர்மாறு. 1919இல் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வந்து இறங்கினார்கள்.

இதற்குக் காரணம் துணிச்சல் அல்ல. 1918இல் மழை பொய்த்தது. சென்னை மாகாணத்தில் பஞ்சமும் விலைவாசி ஏற்றமும் மக்களை வாட்டின. போர் முடிந்ததால் கப்பல்கள் கிடைத்தன. தோட்டங்களுக்கும் ஆள் வேண்டியிருந்தது. பயணச் செலவைக் குடியேற்ற நிதி ஏற்றது. ஆனால் 1920இன் பிற்பகுதியில் ரப்பர் விலை சரிந்தது. 1921இல் வந்தவர்களின் தொகை 1919இல் இருந்ததில் பாதிக்கும் கீழே போனது. நோயால் ஓராண்டு நின்ற பயணத்தை மறுபடியும் நிறுத்தியது சந்தை விலை.

இதில் ஒரு பாடம் உண்டு. நோய் பயணத்தை நிறுத்தும். ஆனால் நோய் தணிந்ததும் பயணம் தானாகத் திரும்பிவிடாது. தேவை இருக்க வேண்டும், வாகனம் இருக்க வேண்டும், செலவை ஏற்க ஆள் இருக்க வேண்டும்.

கப்பல் போய் விமானம் வந்தது

1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. அதன்பின் வந்து போனவர்கள் பெரும்பாலும் உறவைத் தேடிப் போனவர்கள்தாம். 1926இல் கட்டிய 'ரஜுலா' 1973 வரை ஓடியது. பிறகு 'சிதம்பரம்' வந்தது. 1985இல் அதில் நேர்ந்த தீ விபத்தோடு நம் கப்பல் காலமும் முடிவுக்கு வந்தது எனலாம். மலிவுக் கட்டண விமானங்கள் வந்த பிறகுதான், சாதாரணத் தொழிலாளர் குடும்பமும் நல்லது கெட்டதுக்குத் திருச்சிக்குப் போய்வர முடிந்தது.

2003இல் சார்ஸ் நோய் வந்தபோது ஆசிய விமானங்கள் காலியாகப் பறந்தன. அந்த ஆண்டு ஜூலை 5ஆம் தேதி உலகச் சுகாதார நிறுவனம் பரவல் கட்டுக்குள் வந்ததாக அறிவித்தது. ஓராண்டுக்குள் பயணிகள் திரும்பிவிட்டனர். 2020இலும் அப்படித்தான் நடக்கும் என்று பலர் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு ஏன் தப்பியது? 2003இல் பயணிகள்தாம் அஞ்சி வீட்டில் இருந்தார்கள். 2020இல் அரசுகளே கதவை மூடின. அச்சம் சில மாதங்களில் தெளியும். கதவைத் திறக்க அரசாங்கம் மனம் வைக்க வேண்டும்.

2020: மூடிய கதவு

2020 மார்ச் 18இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. அடுத்த சில நாட்களில் இந்தியாவும் அனைத்துலக விமானச் சேவையை நிறுத்தியது. தமிழ்நாட்டில் சிக்கிய மலேசியர்கள் சிறப்பு விமானங்களில் அழைத்து வரப்பட்டனர். கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தை 2019இல் சுமார் 6.2 கோடிப் பேர் பயன்படுத்தினர். 2021இல் அது ஏறக்குறைய 40 லட்சமாகச் சுருங்கியது.

மீட்சி படிப்படியாகவே வந்தது. 2021 அக்டோபர் 11இல் தடுப்பூசி போட்டவர்கள் மாநிலம் கடக்கலாம் என்றார்கள். நவம்பர் 29இல் சிங்கப்பூருக்குத் தனி வழி திறந்தது. 2022 மார்ச் 27இல் இந்தியா வழக்கமான அனைத்துலகச் சேவையை மீண்டும் தொடங்கியது. ஏப்ரல் 1இல் மலேசியா எல்லையைத் திறந்தது. முதலில் உள்நாடு, பிறகு பக்கத்து நாடு, அப்புறம்தான் கடல் கடந்த உறவு.

கோலாலம்பூர் விமான நிலையத்தின் பயணிகள் தொகை 2022இல் சுமார் 2.5 கோடி, 2023இல் 4.7 கோடி, 2024இல் 5.7 கோடி என ஏறியது. உலக அளவில் 2024இல் விமானப் பயணம் 2019ஐத் தாண்டிவிட்டது. ஆக, மீட்சிக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன.

யாருக்கு மீட்சி?

எண்ணிக்கை திரும்பிவிட்டது என்று மகிழ்ந்துவிட்டுப் போகலாமா? கதவு திறந்த நாட்களில் முதலில் ஓடிப் போனவர்கள் யார் என்று பாருங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு முன்பே, பெற்றோரைப் பார்க்காமல் இரண்டு ஆண்டு தவித்தவர்கள் போனார்கள். ஈமச்சடங்கைக் கைத்தொலைபேசித் திரையில் பார்த்து அழுதவர்கள், திவசத்துக்காவது போய்ச் சேரலாமென்று போனார்கள். வணிகர்கள் கூட்டத்தை இணையத்தில் நடத்திக்கொள்ளலாம். தாயின் முகத்தை அப்படி ஈடுகட்ட முடியுமா?

அவர்கள் போன நேரத்தில்தான் கட்டணம் மிக அதிகம். நிறுத்தி வைத்த விமானங்களைப் பழுது பார்த்துப் பறக்க வைக்கக் காலம் பிடித்தது. வேலை இழந்து போன விமானிகளும் சிப்பந்திகளும் எல்லோரும் திரும்பவில்லை. இருக்கை குறைவு, தேவை அதிகம். அவசரமாகப் போனவர்தான் அதிகம் கொடுத்தார்.

பணத்தைத் திரும்பப் பெறுவதிலும் இதே கதைதான். விமான நிறுவனங்கள் தப்பிப் பிழைக்க வேண்டும் என்பது நியாயமே. மலேசியா ஏர்லைன்ஸின் தாய் நிறுவனம் 2021இல் கடன் சீரமைப்பு செய்தது. அதே ஆண்டு நவம்பரில் ஏர்ஆசியா எக்ஸ் நிறுவனத்தின் சீரமைப்புத் திட்டத்துக்கும் கடன் கொடுத்தவர்கள் சம்மதித்தார்கள். பெரிய கடன்காரர்களோடு டிக்கெட் வாங்கிய பயணியும் அந்த வரிசையில் நின்றார். ரொக்கத்துக்குப் பதிலாகப் பயண வரவுதான் முன்வைக்கப்பட்டது. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து நான்கு பேருக்கு டிக்கெட் எடுத்த குடும்பம், வட்டியில்லாமல் கடன் கொடுத்தது போல் ஆயிற்று. 1919இல் பயணச் செலவை முதலாளிகளின் வரிப்பணம் ஏற்றது. அது ஆளைத் தோட்டத்துக்குக் கொண்டுவரும் சுயநலம்தான். ஆனாலும் பயணி தன் பணத்தைப் பணயம் வைக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது நிலைமை சற்று மேம்பட்டிருக்கிறது. 2024 செப்டம்பர் 2 முதல், ஐந்து மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமானால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். செலுத்திய முறையிலேயே அது திரும்ப வர வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. பயணிகளின் புகார்களைக் கவனித்துவந்த மலேசிய விமானப் போக்குவரத்து வாரியம் 2025 ஆகஸ்டில் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தோடு இணைந்துவிட்டது. எங்கே புகார் செய்வது என்பதை நம் மக்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தோட்டத்தை விட்டு டாமானுக்கு வந்துவிட்ட நம்மவர்களிடம் இந்தச் செய்திகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கோயில், பள்ளி, சங்கங்களின் கடமை.

அரசிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. இன்னொரு கொள்ளைநோய் வராது என்று யாரும் சொல்ல முடியாது. அப்போதும் எல்லையை மூட வேண்டி வரலாம். ஆனால் மரணத்துக்கும் கடும் நோய்க்கும் போகிறவர்களுக்கு, பரிசோதனையோடு, நியாயமான கட்டணத்தில் ஒரு வழியை முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். நோய் வந்த பிறகு விதி எழுத உட்கார்ந்தால், அதற்குள் இறுதிச் சடங்கு முடிந்துவிடும்.

விமான நிலையத்தில் எத்தனை பேர் ஏறினார்கள் என்பதை அரசாங்கம் எண்ணுகிறது. போக முடியாமல் நின்றவர்களை யாரும் எண்ணவில்லை. அவர்களையும் சேர்த்து எண்ணும் நாளில்தான் பயணம் உண்மையில் மீண்டது என்று சொல்லலாம்.