வைரம் பாய்ந்த மரம்

திருப்பூரை அடுத்த அனுப்பர்பாளையத்துக்குப் பித்தளைக் குடம் வாங்கச் செல்லும் நம் பக்கத்துப் பெண்மக்கள், குடத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்து மறுகை விரல்முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, எழும் நாதம் நீண்டு ஒலித்தால் விலை பேசுவதும், பிசிறடித்தால் பேசாமல் கீழே வைத்துவிடுவதும் நெடுநாளைய வழக்கம். அனுப்பர்பாளையத்துக்கு அண்டையிலுள்ள வேலம்பாளையம், இன்று பனியன் கம்பெனிகளின் ஓசையால் நிரம்பி, 2011-ஆம் ஆண்டு முதல் மாநகராட்சியின் பகுதியாகவும் ஆகிவிட்டது. இவ்வட்டாரம் வண்டியும் ஏரும் தறியுமாக வாழ்ந்த காலத்தில், மரத்தையும் இவ்வாறே தட்டியும் தூக்கியும் முகர்ந்தும் பரீட்சித்து வாங்கும் ஞானம், ஆசாரிமாருக்கு மட்டுமன்றிக் குடும்பஸ்தர் அனைவருக்கும் பொதுச் சொத்தாக இருந்தது.

அந்த ஞானத்தின் வேர் மிகப் பழமையானது. உள்ளே காழ் உடையதை மரமென்றும், புறத்தே காழ் உடையதைப் புல்லென்றும் வகுத்தது தொல்காப்பியம். காழ் என்று இலக்கணம் சொன்னதையே தச்சர் வைரம் என்றனர். அதைச் சூழ்ந்த வெளிறிய பகுதியை வெள்ளை என்றனர். வைரம் நிற்கும், வெள்ளை உளுக்கும். மர லட்சணம் முழுவதும் இவ்விரு சொற்களில் அடங்கிவிடுகிறது. வறண்ட கொங்கு மண்ணில் மெல்ல வளர்ந்து இறுகிய கருவேலும் வெள்வேலும் வண்டிக்கும் ஏருக்கும், வாகை செக்குக்கும், கசப்பால் பூச்சியை அண்டவொட்டாத வேம்பு நிலைக்கும் சட்டத்துக்கும் என்று, ஒவ்வொரு மரத்துக்கும் அதன் குணத்துக்கேற்ற தொழிலைப் பெரியோர் வகுத்து வைத்திருந்தனர்.

கட்டிலுக்கும் பெட்டிக்கும் தேக்கே சிரேஷ்டம் என்ற எண்ணம் வலுப்பெற்றதற்கு, தெற்கே அரணாக நிற்கும் ஆனைமலை ஒரு முக்கிய காரணம். பம்பாய்க் கப்பல் துறைக்குத் தேக்கு அனுப்பும் பொருட்டு 1840-களின் இறுதியில் ஜேம்ஸ் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரி இக்காடுகளின் பொறுப்பை ஏற்றார். 1856-இல் கிளெக்ஹார்ன் சென்னை ராஜதானியின் வனப் பாதுகாவலரானார். யானைகள் இழுத்து வந்த அடிமரங்களை மலை விளிம்பிலிருந்து சரித்துச் சமவெளிக்கு இறக்கிய இடமே டாப்ஸ்லிப் என்று பெயர் பெற்றது. கப்பலும் ரயிலும் கேட்கக் கேட்க வெட்டியதால் காடு மெலிந்துபோன நிலையில், ஹியூகோ உட் என்ற வன அதிகாரி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே தேக்கை மீண்டும் வளர்த்தெடுத்தார். 1933-இல் மறைந்த அவர், தாம் வளர்த்த மரங்களுக்கிடையே அடக்கமாகியிருக்கிறார். ஒரு தலைமுறை நட்டதை இன்னொரு தலைமுறை அறுக்கும் பொருள் தேக்கு என்பதை நினைக்கும்போது, அதைத் தேர்ந்து வாங்குவது வெறும் சாமர்த்தியமாகத் தோன்றாமல், ஒரு கடமையாகவே தோன்றுகிறது.

அக்காலத்தில் வசதியுள்ள குடும்பம் கட்டிலைக் கடையில் வாங்கவில்லை. மரத்தை வாங்கி, அறுத்து, இடைக்கட்டை வைத்து அடுக்கி, நிழலில் உலரவிட்டு, பிறகே ஆசாரியை வீட்டுக்கு அழைத்தது. பச்சை மரம் பின்னால் சுருங்கும், முறுக்கும், வெடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆசாரி முதலில் வெட்டுமுகத்தைப் பார்த்து வைரம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்று கணக்கிடுவார். பலகையை விரலால் தட்டிப் பொள்ளலான ஓசை வருகிறதா என்று செவி சாய்ப்பார். இழைப்புளியை ஒருமுறை ஓட்டி, சுருண்டு விழும் சீவலைக் கையில் எடுத்துக் கசக்கினால், நல்ல தேக்கு எண்ணெய்ப் பசையோடு பதனிட்ட தோலின் மணத்தையொத்த ஒரு வாசனையைக் கொடுக்கும். கட்டிற்காலில் துளையும் சட்டத்தின் முனையில் கழுந்தும் செதுக்கி, ஒன்றையொன்று இறுகப் பற்றுமாறு அடித்துச் சேர்த்து, குறுக்கே ஒரு மூங்கில் முளையும் இறக்கிவிட்டால், அக்கட்டில் இரும்பாணியின் தயவை நாடாமல் பேரன் பேத்திகள் காலம்வரை கிறீச்சிடாமல் நிற்கும்.

இன்று மரத்தூளை அழுத்திய பலகையின்மேல் தேக்கின் ரேகையை அச்சிட்டு ஒட்டிய பீரோக்கள் வீடெங்கும் வந்துவிட்டன. குறைந்த விலையில் ஏழை எளியவரும் மேஜை நாற்காலி வாங்க முடிவது நன்மையே. ஒட்டுப்பலகையிலும் தரமுண்டு, ஐ.எஸ். 303, நீருக்கு அதிகம் தாங்கும் ஐ.எஸ். 710 என்ற முத்திரைகள் அதை அறிவிக்கின்றன. ஆயினும் தேக்கு என்று சொல்லி விற்கப்படுவதில் அவசரமாக வெட்டிய இளமரத்தின் வெள்ளையே மிகுந்திருக்க, அதன்மேல் பூசிய சாயமே வைரமாக வேஷமிடும்போது, விலை கொடுப்பவர் ஏமாறுவதோடு, நேர்மையாக உழைக்கும் தச்சனின் கூலியும் மதிப்பிழந்து போகிறது.

ஆகையால் வாசகர்களே, அடுத்த முறை ஒரு சாமான் வாங்கும்போது, கடைக்காரர் காட்டும் முகப்பை மட்டும் கண்டு மயங்காமல், மேஜையைக் கவிழ்த்து அடிப்புறத்தைப் பாருங்கள். இழுப்பறையை வெளியே எடுத்து மூலைப் பொருத்தத்தைப் பாருங்கள். மேலே ஓடும் ரேகை ஓரத்தைக் கடந்து வெட்டுமுகத்திலும் தொடர்கிறதா என்று பாருங்கள். காலடியில் மாவு போன்ற பொடி உதிர்ந்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கிய கைகள் நம்முடையவை. அந்தக் கைகளை மரத்தின்மீதும் ஒருமுறை வைத்துப் பார்ப்போமாக.