மலையில் ஏரி கிடையாது

கேமரன் மலையில் ஏரி கிடையாது. தாப்பாவிலிருந்து ஏறி ரிங்லெட்டைத் தாண்டியதும் சாலையோரமாகப் பச்சையாகத் தண்ணீர் தெரியும். எல்லாரும் காரை நிறுத்திப் படம் எடுப்பார்கள். அது சுல்தான் அபு பக்கார் அணையின் நீர்த்தேக்கம், 1963-இல் கட்டி முடித்தது. பெர்த்தாம் ஆற்றை அங்கே மறித்திருக்கிறார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஓடும் தெலோம் ஆற்றின் நீரையும் சுரங்கம் வெட்டி இழுத்து வந்து இதோடு சேர்த்து, மலைக்குள்ளேயே பேராக் பக்கம் இறக்குகிறார்கள். பாறைக்குள் குடைந்த சுல்தான் யூசுப் நிலையத்தில் நூறு மெகாவாட் மின்சாரம் எடுத்துவிட்டுத் தண்ணீர் கீழே போகிறது. பகாங் வழியாகத் தென்சீனக் கடலுக்குப் போயிருக்க வேண்டிய ஆறு, மலாக்கா நீரிணையில் போய்ச் சேர்கிறது. பொறியியல் படித்தவன் என்பதாலோ என்னவோ, எனக்கு இது எந்த ஏரியைவிடவும் அழகாகப் படுகிறது. ஆனால் சுற்றுலாக் கையேடுகள் சுரங்கத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை. ஏரி என்று போட்டு, பக்கத்தில் ஒரு பூ படம் வைத்துவிடுகிறார்கள்.

மலைவாசத் தலம் என்றால் ஏரி இருந்தே ஆகணும் என்ற எண்ணம் பழசு. ஊட்டி ஏரியை 1820களில் ஜான் சல்லிவன் வெட்டினார். கொடைக்கானல் ஏரி 1863-இல் மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ் உண்டாக்கியது. நுவரெலியாவில் இருக்கும் கிரகரி வாவி, 1870களில் இலங்கை ஆளுநராக இருந்த வில்லியம் கிரகரியின் பெயரில் நிற்கிறது. தமிழர்கள் தேன்நிலவுக்குப் போகிற மூன்று ஏரிகளுமே வெள்ளைக்கார அதிகாரிகள் மண்ணை அணைத்துத் தேக்கியவை. அதே 1863-இல்தான் தாமஸ் குக் தன் முதல் சுற்றுலாக் கூட்டத்தை இங்கிலாந்திலிருந்து சுவிட்சர்லாந்துக்கு அழைத்துப் போனார். ஆல்ப்ஸில் ஏரிகளைப் பனியாறுகள் தோண்டி வைத்திருந்தன. ஏரி, அதன் கரையில் ஒரு பழைய ஊர், பின்னால் மலை என்ற அந்தக் காட்சி ஆங்கிலேய நடுத்தர வர்க்கத்தின் தலைக்குள் விடுமுறை என்பதற்கான படமாகவே பதிந்துபோனது. வெப்ப நாட்டில் வேலை பார்த்தவர்கள் அதையே இங்கே கட்டப் பார்த்தார்கள். பனியாறு இல்லாத இடத்தில் கரை கட்டினார்கள். நீலகிரி மலை ரயிலின் பல்சக்கரத் தண்டவாளம்கூட ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் கண்டுபிடித்த முறைதான்.

மலாயாவில் இந்த ஆசைக்கு முதலில் பினாங்கு கொடிமலை கிடைத்தது, பிறகு தைப்பிங்கில் மேக்ஸ்வெல் மலை, 1920களின் தொடக்கத்தில் பிரேசர் மலை. மூன்றுமே சின்ன இடங்கள், முகட்டில் நாலு பங்களா கட்டினால் நிறைந்துவிடும். கேமரன் மலை அப்படியில்லை. வில்லியம் கேமரன் என்ற அரசாங்க நில அளவையாளர் 1885-இல் பகாங் - பேராக் எல்லையை வரைபடமாக்கப் போனபோது அகலமான ஒரு மேட்டுநிலத்தைக் கண்டதாக எழுதினார். அடுத்த ஆண்டே இறந்தும் போனார். கூடப் போனவர்களில் கூலோப் ரியாவ் என்ற மலாய்க்காரரின் பெயர் மட்டும் பதிவாகியிருக்கிறது. 'கண்டுபிடித்தார்' என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோமே, அப்போதே செமாய் மக்கள் அந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள். யானைமேல் மாதக்கணக்கில் வந்து சேர்ந்த கூட்டத்தைக் கண்டுபிடித்தது அவர்கள் என்றும் சொல்லலாம்.

நாற்பது ஆண்டுகள் எதுவும் நடக்கவில்லை. 1925-இல் கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் தலைமைச் செயலாளர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் ஏறிப் பார்த்தார். நுவரெலியாவோடும் பிலிப்பைன்ஸின் பாகியோவோடும் ஒப்பிட்டு, இங்கே ஓய்வுத்தலம் கட்டலாம் என்று முடிவுசெய்தார். அதே சமயத்தில் தானா ராத்தாவில் ஒரு விவசாயச் சோதனை நிலையம் வைத்து, தேயிலை, காப்பி, காய்கறி எல்லாம் வருமா என்று நட்டுப் பார்த்தார்கள். இரண்டு திட்டங்களும் ஒன்றாகவே பிறந்தன என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஓய்வெடுக்க ஒரு கூட்டம் ஏற வேண்டும், வேலை செய்ய இன்னொரு கூட்டம் ஏற வேண்டும். ஒரே சாலையில்தான் இரண்டும்.

அந்தச் சாலை 1928-இல் தாப்பாவிலிருந்து தொடங்கி 1931-இல் மேலே போய்ச் சேர்ந்தது. அறுபது கிலோமீட்டருக்குப் பக்கம். இன்றைக்கும் அந்த வளைவுகளில் குழந்தைகள் வாந்தி எடுக்காமல் வருவதில்லை. மழை, சரியும் மண், எல்லாவற்றுக்கும் மேலே மலேரியா. அந்தக் காலத்து மலாயாவில் ரயில் பாதையிலும் பொதுப்பணித் துறையிலும் மண்வெட்டி பிடித்தவர்கள் பெரும்பாலும் தென்னிந்தியத் தமிழர்கள், தெலுங்கர்கள். சாலையைக் குத்தகைக்கு எடுத்த கம்பெனியின் பெயர் இணையத்தில் தட்டினால் வருகிறது. காய்ச்சலில் படுத்தவன் பெயர் ஒன்றுகூட வருவதில்லை. சாய்வு மண்ணை வெட்டும்போது என்ன ஆகும் என்று கொஞ்சம் படித்திருக்கிறேன். அந்தச் சரிவுகளில் இயந்திரம் அதிகமில்லாமல் ஒரு சாலையை நிறுத்துவது சாதாரண வேலையில்லை.

சாலை முடிவதற்குள்ளேயே, 1929-இல், ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் ஹாபு பக்கம் நிலம் வாங்கி 'போ' தோட்டத்தைத் தொடங்கிவிட்டார். நிலக்கரி, ஈயம், ரப்பர் என்று மலாயாவில் எல்லாவற்றிலும் கைவைத்தவர். தேயிலைக்கு ஆலோசனை சொல்லக் கூட்டு சேர்ந்த மில்ன் என்பவர் இலங்கையில் தேயிலை பார்த்தவர். 1933-இல் ரஸ்ஸல் மலேரியாவில் இறந்துபோனார், தோட்டம் இன்றுவரை குடும்பத்தின் கையில் இருக்கிறது. அதே 1933-இல்தான் பாரத் தேயிலையும் தொடங்கியது.

இந்த ஆண்டுகளைக் கொஞ்சம் கவனிக்கணும். 1929-இல் உலகச் சந்தை விழுந்தது. 1932-இல் ரப்பர் ஒரு ராத்தல் பத்துக் காசுக்கும் கீழே. கங்காணி மூலமாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டு, கப்பல் கப்பலாகத் தமிழர்களை நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பினார்கள். அப்படிப் போனவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். கீழே தோட்டத்தில் 'ஆள் வேண்டாம், ஊருக்குப் போ' என்று சொன்ன அதே நேரத்தில் மேலே காடு அழித்துத் தேயிலை நட ஆள் வேண்டியிருந்தது. எங்க குடும்பக் கதையும் அங்கேதான் தொடங்குகிறது. பீடோர் பக்கத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த பாட்டியின் அப்பா, திரும்பிப் போக மனசில்லாமல், யாரோ தண்டல் சொன்னார் என்று மலை ஏறினாராம். கம்பளி கிடையாது. கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள் என்று பாட்டி சொல்வார். குளிர் பிடித்ததா பாட்டி என்று நான் கேட்டதுண்டு. "குளிருக்கா வந்தோம்? வேலைக்குல்ல வந்தோம்" என்றார்.

துரைமார்கள் குளிருக்காகவேதான் வந்தார்கள். குழிப்பந்தாட்டத் திடல் வந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு 1934-இல் தங்கிப் படிக்கும் பள்ளி வந்தது. 1937-இல் ஸ்மோக்ஹவுஸ் விடுதி, வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டம் வைத்து, அப்படியே ஓர் இங்கிலாந்துக் கிராமத்துச் சத்திரம். பழைமை இல்லாத இடத்தில் பழைய ஊர் மாதிரி ஒன்றைப் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். இப்போது அதுவும் நிஜமாகவே பழசாகிவிட்டது, பாரம்பரியம் என்று நாமும் போய்ப் படம் எடுக்கிறோம். பிறகு ஜப்பான்காரன், அவசரகாலம் என்று பதினைந்து இருபது ஆண்டுகள் மலையில் விடுமுறை என்ற பேச்சே அடங்கியிருந்தது.

தேயிலையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. கேமரன் மலை என்றதும் எல்லார் மனசிலும் வருவது பச்சைக் கம்பளம் விரித்த மாதிரியான அந்தச் சரிவு. சுங்கை பாலாஸில் சரிவுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் பார்வைத் தளத்தில் தேநீர் வாங்கி வைத்துக்கொண்டு, "என்னா ஒரு இயற்கை!" என்று பெருமூச்சு விடுவதை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். தேயிலைச் செடி விட்டால் மரமாகிவிடும். முப்பது அடிக்கு மேலேயும் போகும். அதை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருப்பது கை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி, அதிலிருந்து கிளைகளைப் பக்கவாட்டில் படரவிட்டு, மேலே ஒரு மட்டம் பிடித்து, அந்த மட்டம் கெடாமல் கொழுந்து எடுத்துக்கொண்டே இருக்கணும். நம் நாட்டில் பனிக்காலம் இல்லாததால் செடிக்கு ஓய்வும் இல்லை. ஆண்டு முழுக்கத் துளிர்க்கும், ஆண்டு முழுக்கப் பறிக்கணும். ஒரு சுற்று தவறினால் இலை முற்றிவிடும், மட்டம் போய்விடும். கம்பளம் மாதிரி தெரிகிறதே, அது தொண்ணூறு ஆண்டுகளாக நடந்த வேலையின் மேற்பரப்பு. ஒரு மூன்று வருஷம் யாரும் ஏறாமல் இருந்தால் அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது, புதர்தான்.

பாட்டி அந்த மட்டத்தில் நாற்பது ஆண்டுகள் நின்றவர். பதினைந்து வயதில் கூடை தூக்கினார். விடியுமுன்னே பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்க வேண்டும், பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட வேண்டும், மழைக்கு இடுப்பில் ரப்பர் துணி சுற்றிக்கொள்ள வேண்டும், அட்டைக்குப் புகையிலைத் தண்ணி. எடை குறைந்தால் பேர் பாதி. பெண்கள்தான் பெரும்பாலும் கொழுந்துக்கு, ஆண்கள் கவ்வாத்துக்கும் மருந்தடிக்கவும். தோட்டத்தொழிலாளர் சங்கம் 1954-இல் வந்தபின் கொஞ்சம் கொஞ்சமாகக் கூலி ஏறியது. குறைந்தபட்சச் சம்பளம் என்று மாதம் 900 வெள்ளி 2013-இல்தான் தீபகற்பத்தில் நடப்புக்கு வந்தது. பாட்டி அப்போது வேலையைவிட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

கேமரன் மலை வரலாறு என்று தேடினால் ஜிம் தாம்சன்தான் முதலில் வருவார். தாய்லாந்துப் பட்டு வியாபாரி. 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு, நண்பர்களின் பங்களாவிலிருந்து நடக்கப் போனவர் திரும்பவில்லை. போலீஸ், ராணுவம், பூர்வகுடி வழிகாட்டிகள், மந்திரவாதிகள் என்று காட்டைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். புத்தகங்கள் வந்தன, இன்னும் வருகின்றன. சுவாரசியமான மர்மம்தான், நானும் விடிய விடியப் படித்திருக்கிறேன். அதே காட்டை அழித்து நட்டவர்களில் எத்தனை பேர் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்று கேட்டால் அதுவும் மர்மம்தான், தேடுவதற்குத்தான் யாரும் வரவில்லை.

தமிழில் ஓய்வு என்றால் விடுமுறை, ஓய்வு என்றால் பணி முடிவதும்தான். இந்த ஒரு சொல்லில்தான் கேமரன் மலையின் இரண்டு வரலாறுகளும் முட்டிக்கொள்கின்றன என்று எனக்குத் தோன்றும். கீழேயிருந்து வருகிறவர்கள் ஓய்வுக்கு மலை ஏறுகிறார்கள். தோட்டத்து ஆட்கள் ஓய்வு பெற்றதும் மலை இறங்குகிறார்கள். ஏனென்றால் லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. மலாயாவின் தோட்டங்கள் எங்கும் இருந்த ஏற்பாடு இது. வேலை நின்றால் வீட்டைக் காலி செய்யணும். மலையில் வெளியே நிலம் வாங்க, காய்கறித் தோட்டமும் ஹோட்டலும் போட்டிபோடும் விலையில், கொழுந்துக் கூலிக்காரரால் முடியாது. பாட்டி வேலை பார்த்த தோட்டத்தில் மூன்று மாத அவகாசம் கொடுத்தார்களாம். சேமநிதிப் பணத்தில் தாப்பாவில் ஒரு மலிவு வீடு பிடித்தார்கள். தாப்பாவின் வெயில் அவருக்குக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. பிறந்ததிலிருந்து மலையைத் தவிர எதையும் அறியாதவர், அறுபதை நெருங்கும்போது வேர்க்கக் கற்றுக்கொண்டார்.

பிள்ளைகள் அதற்கு முன்பே இறங்கிவிட்டார்கள். அது நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு தலைமுறைக்கும் அங்கேயே நின்றிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவர்கள் விட்ட இடத்தில் இப்போது வங்காளதேசத்துக்காரர்கள், நேப்பாளிகள், இந்தோனேசியர்கள். கூடைக்குப் பதில் கத்தரிக்கோல், இரண்டு பேர் பிடித்துப் போகும் வெட்டு இயந்திரம். தானா ராத்தா, ரிங்லெட், போ, சுங்கை பாலாஸ், புளூவேலி என்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களை வரிசையாக வைத்தால் தமிழர்கள் எங்கெல்லாம் நிறைந்திருந்தார்கள் என்ற வரைபடம் கிடைக்கும்.

நீர்த்தேக்கமும் மாறிவிட்டது. காய்கறிக்கும் ஹோட்டலுக்கும் மேலே காட்டை அழிக்க அழிக்க மண் கரைந்து வந்து, கணக்குப் போட்ட காலத்துக்கு வெகுமுன்பே பாதிக்கு மேல் வண்டல். 2013 அக்டோபரில் ஒரு மழை இரவில் அணையைத் திறந்துவிட வேண்டியதாகி, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளும் உயிர்களும் போயின. மண்ணை வாருகிறார்கள், திரும்ப நிறைகிறது.

நான் இப்போது செய்துகொண்டிருப்பது சின்ன வேலை. தோட்டத்தில் ஒவ்வொரு சரிவுக்கும் தொழிலாளர்கள் வைத்த பெயர் இருக்கிறது. நிர்வாகக் கணக்கில் வெறும் எண். பாட்டி சொன்னவை: ஒட்டுக்கல் மலை, சாமிமரத்து மேடு, வழுக்குப் பள்ளம், கிராணி விழுந்த மூலை (எந்தக் கிராணி, எப்படி விழுந்தார் என்பதற்கு மூன்று கதைகள் உண்டு). நில அளவைத் துறை வரைபடத்தின் நகல் ஒன்றை விரித்து, பென்சிலால் ஒவ்வொன்றாகக் குறித்துவருகிறேன். தாப்பாவிலும் ஈப்போவிலும் கிள்ளானிலும் இருக்கும் பழைய ஆட்களைத் தேடிப் போய்க் கேட்கிறேன். பதினான்கு பெயர்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. சாமிமரத்து மேடு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அது தோட்ட எல்லைக்கு வெளியே போய்விட்டது, இப்போது அங்கே தக்காளிக் கொட்டகை இருக்கிறது என்று மாமா சொல்கிறார். அத்தை இல்லை என்கிறார், அந்த மரம் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்தானாம்.