எதுடா ஒரிஜினல்?

பெரியப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு மேல்துணி மாற்ற வேண்டும் என்றதும் நான் முதலில் செய்தது, இங்கிலாந்தில் ரெடிமேடாகக் கிடைக்கும் ஹூட்டின் விலையைப் பார்த்ததுதான். ஐ.டி.காரன் புத்தி. பழையது கிழிந்துவிட்டது, ஒரிஜினலையே வாங்கிப் போட்டுவிடலாம். ஏற்காடு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போனைக் காட்டினேன். அவர் பார்க்கக்கூட இல்லை. "எதுடா ஒரிஜினல்?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்த வண்டியின் கதை எனக்குத் தெரிந்தது.

1953இல் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன், கார்களுக்கு உடல் செய்து கொடுத்துவந்த பிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை வாங்கிவிட்டது. அங்கிருந்து உடல் வாங்கிக்கொண்டிருந்த கவென்ட்ரியின் ஸ்டாண்டர்ட் கம்பெனிக்குப் பெரிய தலைவலி. முழு உடலையும் ஒரே துண்டாகச் செய்து தர ஆள் இல்லை. எனவே பழைய முறைக்கே திரும்பினார்கள். கீழே தனியாகச் சேசிஸ், மேலே துண்டு துண்டாகச் செய்து போல்ட்டு போட்டு முடுக்கிய உடல். இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த அந்த வண்டிதான் 1959இல் வந்த ட்ரையம்ப் ஹெரால்டு. கூரையும் போல்ட்டில்தான் நின்றது. கழற்றினால் திறந்த வண்டி. இதே சேசிஸைச் சுருக்கி 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரையும் செய்தார்கள்.

சென்னையை அடுத்த வண்டலூர் தொழிற்சாலையிலிருந்து 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் அது நம்மூருக்கு வந்தது. பெரியப்பாவின் வண்டி வந்தது தகரக் கூரையோடு. அதாவது, கம்பெனிக் கணக்குப்படி ஒரிஜினல் என்றால் அதற்குத் துணிக் கூரையே கிடையாது! வாங்கிய சில வருஷத்தில், திறந்த காரில் ஏற்காடு ஏறும் ஆசையில் அவர்தான் போல்ட்டுகளைக் கழற்றவைத்தார்.

கழற்றுவது சுலபம், மூடுவதுதான் சிக்கல். 1957இன் அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிக்குக் கடும் கெடுபிடி. ஒரு துணிக் கூரைக்காக யார் லைசன்ஸ் கொடுப்பார்கள்? சேலத்தில் குஷன் கடை வைத்திருந்த பாய் ஒருவரிடம் வண்டி போனது. அவர் அதுவரை தைத்ததெல்லாம் பஸ் சீட்டும் சைக்கிள் ரிக்‌ஷா கூடும்தான். யோசித்தால் ரிக்‌ஷா கூடும் கார் ஹூட்டும் ஒன்றுதான். வளைந்த கம்பிகள், மடங்கும் கீல், மேலே ரெக்சின். அந்த ரெக்சினே ஒரு பிராண்டு பெயர். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைடு என்ற ஊரில், துணிமேல் செல்லுலோஸ் நைட்ரேட் பூசித் தோல் மாதிரி அச்சிட்டார்கள். அந்தப் பூச்சு போய் பிவிசி வந்த பிறகும் நம் ஊரில் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

கடையில் இப்போது இருப்பது பாயின் மகன். அவரே அறுபதைத் தாண்டியவர். பழைய ஹூட்டைத் தையல் பிரித்து, துண்டுகளைப் புது ரெக்சின்மேல் விரித்துச் சாக்பீஸால் கோடு போட்டார். வெட்டித் தைத்ததை வெயிலில் போட்டார். சூடேறினால்தான் ரெக்சின் இளகி வளையும். வண்டியின் நடுவையும் துணியின் நடுவையும் குறித்து, பின்பக்கம் முதலில் பிடித்தார். பிறகு முன்கண்ணாடிச் சட்டத்துக்கு இழுத்து, நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பசை ஒட்டிக்கொண்டே போனார். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் சுருக்கம் நடுவில் வந்து நிற்குமாம்.

இன்னும் கொஞ்சம் இழுத்தால் விறைப்பாக நிற்குமே என்றேன்.

"வேணாம் தம்பி. இங்க வெயில்ல டைட்டா நிக்கும். மேல போய்த் திறந்துட்டு மூடிப் பாருங்க, கொக்கி எட்டாது. அத்தா எப்பவும் ஒரு விரல் விடுவாரு."

சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே. ஏற்காடு சுமார் 1,500. அந்த ஏற்றத்தில் எட்டு டிகிரி குறையும். குளிரில் ரெக்சின் இறுகும். எஞ்சினியரிங்கில் டாலரன்ஸ் என்று நாலு வருஷம் படித்திருக்கிறேன். அது இந்த மனிதரின் விரலில் இருந்தது.

மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டி, ஹூட்டை மடித்து மலையேறினோம். இருபது கொண்டை ஊசி வளைவு. இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் ஹெரால்டு ஒன்றில்கூடத் தயங்கவில்லை. மேலே போகப் போக மழை பிடித்தது. நிறுத்தி, அவசரமாக இழுத்து மூடினேன். கொக்கி 'டக்'கென்று விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் இடது மூலையிலிருந்து ஒரு சொட்டு என் தொடையில் விழுந்தது. புதுத் துணி ஆயிற்றே என்று எனக்குக் கோபம்.

பெரியப்பா மூலையை நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அங்கதான்டா எப்பவும் ஒழுகும்."