நாட்டின் வாக்கும் அதனை வழங்குவோரும்

வெளிநாட்டுக் கொள்கையை ஆராய்வோர் பெரும்பாலும் போரையும் உடன்படிக்கையையுமே நோக்குவர். அவற்றிற்கு முன்னர் எழும் வினாவொன்றுண்டு. ஒரு நாட்டின் பெயரால் பிறநாட்டுக்கு வாக்களிக்கும் உரிமை எவர்க்குரியது? திருவள்ளுவர் தூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அக்காலத் தூதுவன் சுமந்தது வேந்தனின் சொல். இக்காலத் தூதுவன் சுமப்பது எவருடைய சொல் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். அவ்வேறுபாட்டின் விளைவை மூன்று வல்லரசுகளின் வரலாற்றிற் காண்போம்.

பிரித்தானியாவில் உடன்படிக்கை செய்யும் அதிகாரம் முடிக்குரியது. முடியின் பெயரால் மந்திரிமார் அதனைச் செலுத்துவர். 1906 ஜனவரியில் வெளிநாட்டு மந்திரி சேர் எட்வேட் கிறே, பிரித்தானிய, பிரெஞ்சுப் படை அதிகாரிகள் இரகசியமாகக் கலந்துரையாட இசைந்தார். மந்திரிசபை முழுவதும் இதனை அறிந்தது 1911 இலேயாகும். பாராளுமன்றத்திற்கு அவர் இதனை எடுத்துரைத்தது 1914 ஆகஸ்ட் 3 ஆம் நாளன்று. மறுநாள் நாடு போரிற் புகுந்தது. பெல்ஜியத்தின் நடுநிலை மீறப்பட்டமை அதற்குக் காட்டப்பட்ட காரணம். எனினும், பிரெஞ்சுக் கடற்படை மத்தியதரைக் கடலிற் குவிந்திருக்க, பிரான்சின் வடகரை காவலின்றிக் கிடந்தது. எழுத்தளவிற் கட்டுப்படாத நாடு, மானத்தாற் கட்டுண்டது. இதன் படிப்பினையாகவே, உடன்படிக்கைகளை 21 நாள் பாராளுமன்றத்தின் முன் வைக்கும் வழக்கம் 1924 இல் தோன்றியது. 2010 இல் அது சட்டமாயிற்று.

அமெரிக்காவின் நிலை இதற்கு மறுதலையானது. அங்கு சனாதிபதி செய்யும் உடன்படிக்கைக்குச் செனற் சபையில் மூன்றில் இரு பங்கினர் இசைதல் வேண்டும். 1918 இல் பாரிசுக்குச் சென்ற வில்சன், குடியரசுக் கட்சியினர் பெரும்பான்மை பெற்றிருந்த அச்சபையிலிருந்து ஒருவரையேனும் உடனழைத்திலர். ஜேர்மனி தாக்கின் துணைவருவோம் என அவரும் லொயிட் ஜோர்ஜும் அளித்த வாக்கை நம்பியே, ரைன் நதிப் பிரதேசத்தை ஜேர்மனியிலிருந்து பிரிக்கும் கோரிக்கையைக் கிளெமென்சோ கைவிட்டார். 1920 மார்ச் 19 இல் வேர்சேய்ஸ் உடன்படிக்கைக்கு 49 பேர் சார்பாகவும் 35 பேர் எதிராகவும் வாக்களித்தனர். எழுவர் குறைந்தமையால் அது வீழ்ந்தது. பிரான்சுக்கு அளித்த உறுதியோ வாக்கெடுப்பிற்கே வரவில்லை. அமெரிக்காவின் இசைவை நிபந்தனையாகக் கொண்டிருந்த பிரித்தானிய வாக்கும் அதனோடு மடிந்தது. பிரான்சு கோரிக்கையையும் இழந்தது, துணையையும் இழந்தது. 1945 இல் இப்பிழை நிகழவில்லை. சான்பிரான்சிஸ்கோ மகாநாட்டிற்கு இரு கட்சிச் செனற்றர்களும் அனுப்பப்பட்டனர். ஐக்கிய நாடுகள் சாசனம் 89 க்கு 2 என்ற வாக்குகளால் ஏற்கப்பட்டது.

தடுப்பார் எவருமில்லாத ஆட்சியின் வாக்கு உறுதியானதோவெனின், அதுவுமன்று. 1939 ஆகஸ்ட் 23 இல் சோவியத் ஒன்றியமும் ஜேர்மனியும் தம் நெடும்பகையை ஒரே இரவில் மறந்து கைச்சாத்திட்டன. கிழக்கு ஐரோப்பாவைப் பங்கிட்ட இரகசிய இணைப்பை 1989 வரை மொஸ்கோ மறுத்தே வந்தது. தடையின்றிச் செய்த உடன்படிக்கையை முறிப்பதற்கும் தடையில்லை. 1941 ஜூன் 22 இல் ஜேர்மன் படைகள் சோவியத் எல்லையைக் கடந்தன.

ஆகவே, விரைவும் இரகசியமும் வன்மையின் அறிகுறிகளல்ல. அறிந்து இசைந்தோர் எத்துணையரோ, அத்துணையே ஒரு நாட்டின் வாக்கு நிலைபெறும். வரலாறு கற்கும் மாணவர், உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டவர் யாவர் என்பதோடமையாது, அவர்க்குப் பின்னின்று இசைந்தோர் யாவர் என்பதையும் ஆராய்தல் கடனாகும்.