முதுசக் காணியும் பத்து வருடக் கணக்கும்

யாழ்ப்பாணத்தில் தாய் தகப்பன் வழியாக இறங்கும் சொத்து முதுசம். கலியாணத்தில் பெண்ணுக்கு எழுதிக் கொடுப்பது சீதனம். மணமான பின் சேர்ப்பது தேடியதேட்டம். வாய்மொழியாக இருந்த இந்த வழக்கங்களை 1707இல் எழுத்தில் வடித்தவர் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ். தமிழாக்கத்தைப் பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அது நடைமுறைக்கு வந்தது. தேசவழமை என்ற அந்தத் தொகுப்பை ஆங்கிலேயரும் 1806இல் சட்டமாக ஏற்றனர்.

பழைய முறைப்படி முதுசம் ஆண்மக்களுக்கு, சீதனம் பெண்மக்களுக்கு, தேடியதேட்டம் இரு பாலாருக்கும். போர்த்துக்கீசர் காலத்திலேயே இந்த ஒழுங்கு குலைந்து, எந்தச் சொத்திலிருந்தும் சீதனம் கொடுக்கலாம் என்றாயிற்று. வீடும் வளவும் பெண்கள் பெயரில் இருப்பது யாழ்ப்பாணத்தில் இன்றும் சாதாரணம். 1911ஆம் ஆண்டுச் சட்டம் பெயர்களைச் சற்றே திருத்தியது: பெற்றோர், மூதாதையரிடமிருந்து வருவது முதுசம், மற்ற உறவினரிடமிருந்து வருவது உரிமை.

தலைமுறைக்குத் தலைமுறை பங்கு சிறுத்தது. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். நாலு பரப்புக் காணியில் ஆறிலொரு பங்கு என்று உறுதி எழுதுவதில் புதுமை ஏதுமில்லை. உறுதியின் கடைசியில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் வரும். மண்ணைவிட அந்த வரிக்காகவே சண்டை மூண்ட குடும்பங்கள் உண்டு. பங்கை வெளியாருக்கு விற்பதற்கு முன் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் அறிவிக்க வேண்டும் என்ற முன்வாங்கும் உரிமை, 1947இல் தனிச் சட்டமானது.

புலம்பெயர்ந்தோரைப் பயமுறுத்துவது 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம். உரிமையாளரை ஏற்காமல் பத்து வருடம் தடையின்றிக் காணியை ஆண்டவர் நீதிமன்றத்தில் அதைத் தமதாக்கிக்கொள்ளலாம். ஆனால் கூட்டுக் காணியில் குடியிருக்கும் அண்ணனோ தம்பியோ, ஆண்டுகளை மட்டும் எண்ணிக் காட்டி அதை முழுக்கத் தமதாக்கிவிட முடியாது. ஒரு பங்காளியின் ஆட்சி எல்லாப் பங்காளிகளின் ஆட்சியே என்றும், மற்றவர்களை விலக்கியது வெளிப்படையாகத் தெரிய வேண்டும் என்றும் லண்டன் பிரிவிக் கவுன்சில் கொறேயா எதிர் அப்புஹாமி வழக்கில் தீர்ப்பளித்திருந்தது.

போரில் வீட்டோடு உறுதியும் எரிந்தவர்கள் பலர். 1840ஆம் ஆண்டுச் சட்டம் காணிக் கைமாற்றத்தை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு செய்யச் சொன்னது. நொத்தாரிசு தம்மிடம் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு இன்னொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவார். ஆகவே பழைய உறுதியின் இலக்கமும் ஆண்டும் யாருக்காவது நினைவிருந்தால் பாதி வேலை முடிந்தது. வெளிநாட்டில் இருப்பவர் அற்றோணித் தத்துவம் எழுதி ஊரிலுள்ள ஒருவரை நியமிப்பது வழக்கம். நம்பிக்கையான ஆளைத் தேடுவதுதான் இதில் பெரும்பாடு.

2014இல் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுத்த சட்டமும் நெருங்கிய உறவினருக்கு வாரிசு வழியில் இறங்கும் காணியை விலக்கிவைத்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் நடவடிக்கைகளால் தம் காணிக்கு உரிமை கோர முடியாதவர்களுக்கு, அந்தக் காலத்தைப் பத்து வருடக் கணக்கில் சேர்க்கலாகாது என்று 2016ஆம் ஆண்டுச் சிறப்புச் சட்டம் சொன்னது. அதைப் பயன்படுத்தி வழக்குத் தொடுக்கக் கிடைத்த அவகாசம் இரண்டு வருடம்.