சந்தாவும் சகோதரத்துவமும்

பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்குச் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்தது லுணுகலை. அதனைச் சூழ்ந்து ஹொப்டன், ஆடாவத்தை முதலிய தேயிலைத் தோட்டங்கள் பரந்துள்ளன. ஊவாவின் இத்தகைய தோட்டங்களில் தொழிலாளர் தமக்கெனக் கட்டிக்கொண்ட அமைப்புகளுள் முதன்மையானவை இரண்டு: தொழிற்சங்கத்தின் தோட்டக் கமிட்டி ஒன்று, மரண உதவிச் சங்கம் மற்றொன்று. இவ்விரண்டைப் பற்றியும் இன்று ஒரே குறை கேட்கிறது. ஏட்டில் பெயர் உண்டு. கூட்டத்திற்கு ஆள் இல்லை. இளைஞரின் அசிரத்தையே இதற்குக் காரணம் என்று தீர்ப்புக் கூறிவிடுவது எளிது. வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர் அவ்வளவு விரைவில் தீர்ப்புக் கூறார்.

தோட்டத் துரைமார் தமது சங்கத்தைக் கண்டியில் நிறுவியது 1854ஆம் ஆண்டில். தொழிலாளர் தமக்கென ஒரு சம்மேளனத்தைப் பெற்றதோ 1931இல். கோ. நடேசய்யர் அதனை நிறுவினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் லயந்தோறும் பாடியும் பேசியும் அதற்கு ஆள் திரட்டினார். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே எழுபத்தேழு ஆண்டுகள்! அந்நெடுங்காலத்தில் தொழிலாளியைச் சேர்த்துக் கட்டியிருந்த கயிறு கங்காணியின் கடனேயாகும். கடன்பட்டவனை ஒரு துண்டுக் காகிதத்தால் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921இலேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

ஆயினும், சட்டமும் சம்மேளனமும் வருவதற்கு முன்னரே லயங்களில் ஒருவகைச் சகோதரத்துவம் வாழ்ந்தது. அதற்கு உரைகல் சாவுதான். லயத்தில் ஒருவர் கண்மூடினால், குழி வெட்டவும் பாடை கட்டவும் அயலவர் வேலையை விட்டு வரவேண்டும்; வந்தவர்க்கு அன்றைய ‘பேர்’ இல்லை. சம்பளம் இழந்தும் வந்தார்கள். நாளை தன் வீட்டிலும் இதுவே நேரும் என்னும் அறிவு அவர்களை அழைத்து வந்தது. இவ்வறிவு மாதந்தோறும் சேர்க்கும் சில்லறைக் காசாகவும், ஒரு கணக்குப் புத்தகமாகவும் உருப்பெற்றபோது அது மரண உதவிச் சங்கமாயிற்று.

இது நமக்கு மட்டும் உரிய கதையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தொழிலாளர் ‘ஆட்ஃபெல்லோஸ்’, ‘ஃபாரஸ்டர்ஸ்’ என்னும் சகோதர சங்கங்களில் இலட்சக்கணக்கில் திரண்டனர். நோயுற்றால் உதவி, இறந்தால் அடக்கச் செலவு. இவற்றுக்காகவே காசு சேர்த்தனர். 1911ஆம் ஆண்டின் தேசிய காப்புறுதிச் சட்டமும், 1948இல் நிறைவேறிய பொதுநல ஏற்பாடுகளும் அவ்வுதவிகளை அரசின் கடமையாக்கின. நல்ல மாற்றமே. ஆனால், உதவிக்காகக் கூடியவர் உதவி வேறு வழியில் வந்ததும் கூடுவதைக் குறைத்துக்கொண்டனர். தேவை நீங்கியதால் அங்கே கூட்டம் குன்றியது. இங்கே தேவை நீங்கவில்லை. கூட்டம் மட்டும் குன்றியது. இதற்கான விடையை நமது வரலாற்றிலேயே தேடுதல் வேண்டும்.

1940ஆம் ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் குண்டுக்குப் பலியானார். அவ்வாண்டு எழுந்த வேலைநிறுத்த அலை ஊவாவையும் சூழ்ந்தது. பதுளைப் பகுதியின் வேவஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தமக்குள் ஒரு குழுவைத் தெரிவு செய்தனர். அக்குழுவைக் கலந்தே நடப்பதாகத் தோட்டத்துரை இசையவேண்டியதாயிற்று. ஆயுதம் தாங்கி வந்த பொலிசாரிடமிருந்து ஆயுதங்களையே பறித்தனர் என்பதும் வரலாறு. இறுதியில் அவ்வலை ஒடுக்கப்பட்டது. எனினும், தோட்டத்திலேயே வாழ்ந்து, தோட்டத்திலேயே கூடி, தோட்டத்திலேயே முடிவெடுத்த அந்தக் குழுவின் பலம் எத்தகையது என்பதை அந்நாள்கள் காட்டின.

பின்னர் விழுந்த அடிகள் இரண்டு. முதலாவது வெளியிலிருந்து வந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. பக்கத்துக் காம்பராக்காரர் கப்பலேறக் காத்திருக்கையில், அவரோடு பத்தாண்டுக்குச் சீட்டும் சந்தாவும் கட்ட எவர் துணிவர்? நாடற்றோராய் எஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது.

இரண்டாவது அடி உள்ளிருந்து வந்தது. சந்தாப் பணம் சம்பளத்திலிருந்தே கழிக்கப்பட்டுச் சங்கத்திற்குச் செல்லும் முறை நிலைபெற்றது. நிர்வாகத்திற்கு அது வசதி. சங்கத் தலைமைக்கும் வசதி. ஆனால், முன்னர் சந்தா வாங்க வந்த தலைவர் லயத்து வாசலில் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது. காசு தானாகவே வந்து சேரத் தொடங்கிய பின்னர் அந்தக் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. சங்கங்கள் வாக்கு திரட்டும் கட்சிகளாக மாறின, தலைவர்கள் அமைச்சர்களாயினர், அங்கத்தவர் மனுதாரராயினர். கொழுந்தின் பெரும்பகுதியைக் கொய்வோர் பெண்கள். மேல்மட்டத் தீர்மானங்களில் அவர்களுக்குக் கிடைத்த இடமோ மிகச் சிறிது.

1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. அப்போது மூன்று இலட்சத்தைத் தாண்டியிருந்த கம்பனித் தோட்டத் தொழிலாளர் தொகை, இன்று அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இளைஞர் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் செல்கின்றனர். அவர்களது பெயர் தோட்டத்துச் செக்றோலில் இல்லை. ஆகவே சங்கத்தின் ஏட்டிலும் இல்லை. ஆயினும் அவர்களது தாய் தந்தையர் லயத்திலேயே வாழ்கின்றனர். சாவும் அங்கேதான் வருகிறது. தோட்டத்துப் பிள்ளையைத் தோட்டத்துத் தொழிலாளியாக மட்டுமே ஏற்கும் சங்கம், அப்பிள்ளை வரவில்லை என்று குறைகூறுவதில் என்ன நியாயம் உண்டு?

பரிகாரம் வரலாற்றிலேயே கிடக்கிறது. சந்தாவை மீண்டும் கையாலே வாங்குவோம். கணக்கை லயத்து வாசலிலேயே படித்துக் காட்டுவோம். வெளியே உழைப்போருக்கும் ஏட்டில் இடமளிப்போம். கொழுந்து பறிக்கும் பெண்ணைத் தலைமையில் அமர்த்துவோம். தோட்டப் பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரியர்க்கும், உயர்கல்வி பெறும் மாணவர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. மரண உதவிச் சங்கங்களின் பழைய கணக்குப் புத்தகங்கள் கறையானுக்கு இரையாகுமுன் அவற்றைத் தேடியெடுத்துப் படித்தல் வேண்டும். யார் யாருக்காகக் காசு கொடுத்தார் என்னும் அந்தப் பட்டியல்தான் மலையகத்து மக்கள் தம் கையாலேயே எழுதிய வரலாறு.