ஜார்ஜ் எமில் பலாடே

ஜார்ஜ் எமில் பலாடே (1912–2008) ருமேனியாவில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த செல்லியல் அறிஞர். செல்லுக்குள் உருவாகும் புரதம் எந்தெந்த இடங்களைக் கடந்து வெளியே சுரக்கிறது என்ற வழித்தடத்தை வரைந்து காட்டியவர். ஆல்பர்ட் கிளாட், கிறிஸ்டியன் டி டூவ் ஆகியோருடன் 1974ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார்.

பலாடே 1912 நவம்பர் 19 அன்று யாஷ் நகரில் ஓர் ஆசிரியர் குடும்பத்தில் பிறந்தார். புகாரெஸ்டில் மருத்துவம் படித்தபோது பட்டத்துக்காக அவர் எடுத்துக்கொண்ட பொருள் டால்பினின் சிறுநீரக நுண்குழல்கள். ஓர் உறுப்பின் அமைப்பைப் பார்த்து அதன் வேலையை அறியும் நாட்டம் அப்போதே அவரிடம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ருமேனிய ராணுவத்தில் மருத்துவப் பணி செய்துவிட்டு, 1946இல் அமெரிக்கா சென்றார். நியூயார்க்கில் எலக்ட்ரான் நுண்ணோக்கி பற்றி கிளாட் ஆற்றிய உரையைக் கேட்டு அவரைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பு அவரை ராக்ஃபெல்லர் நிறுவனத்துக்குக் கொண்டு சேர்த்தது.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைக்கும் திசு சிதையாமல் பதப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பயன்பட்ட ஆஸ்மியம் டெட்ராக்சைடு கரைசலில் திசு அமிலத்தன்மை அடைந்து நுண்ணமைப்பு குலைந்துபோவதைப் பலாடே கண்டறிந்தார். கரைசலில் தாங்கல் சேர்த்து நடுநிலைக்குச் சற்று மேலே நிறுத்தினால் படம் தெளிவாகிறது என்று 1952இல் எழுதினார். ஆய்வகங்களில் இக்கரைசலைச் செல்லமாக 'பலாடேயின் ஊறுகாய்' என்றே அழைத்தார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் உள்மடிப்புகளும், 1955இல் அவர் விவரித்த, பின்னர் ரைபோசோம் என்று பெயர்பெற்ற நுண்துகள்களும் இத்தகைய பதப்படுத்தலால் தெளிவாகத் தெரிந்தவையே.

கோல்கை உடலம் பற்றிய கதை வேறு மாதிரியானது. அது செல்லில் உண்மையாக இருக்கும் உறுப்பு அல்ல, பதப்படுத்தும்போது உண்டாகும் தோற்றம் என்று 1949இல் கிளாடும் பலாடேயும் வாதிட்டார்கள். 1950களின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் அவ்வாதத்தைத் தகர்த்தன. தாம் மறுத்த அதே உறுப்பையே சுரப்புப் பாதையின் நடுவில் பலாடே பின்னர் நிலைநாட்டினார். சான்று மாறியதும் கருத்தை மாற்றிக்கொண்ட அந்த நேர்மை, அவருடைய கண்டுபிடிப்புகளுக்கு இணையாகப் போற்றத்தக்கது.

படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது ஒரு கணத்தில் உறைந்த காட்சி. எது முன், எது பின் என்று சொல்லாது. இதற்குத் தீர்வு காண உதவியது கணையம். செரிமான நொதிகளை ஏற்றுமதிக்கென்றே பெருமளவில் தயாரிப்பவை கணையச் செல்கள். அவற்றில் நொதி நிறைந்த மணிகள் இருப்பதும், உணவுக்குப் பின் குறைந்து மீண்டும் நிரம்புவதும் 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தன. பலாடே முதலில் பிலிப் சிக்கெவிட்ஸுடன் செல்லை உடைத்துப் பகுதிகளைப் பிரித்து வேதியியலால் ஆராய்ந்தார். பிறகு ஜேம்ஸ் ஜேமிசனுடன் சேர்ந்து 1967இல் வெளியிட்ட சோதனைகள் இத்துறையின் பாடமாகிவிட்டன.

கினிப்பன்றியின் கணையத்தை மெல்லிய சீவல்களாக வெட்டி, கதிரியக்க லியூசின் கலந்த ஊடகத்தில் 3 நிமிடம் மட்டும் வைத்தார்கள். அந்த அமினோ அமிலம் அப்போது உருவாகும் புரதத்தில் சேர்ந்துகொள்ளும். உடனே சாதாரண லியூசின் மிகுந்த ஊடகத்துக்கு மாற்றினால், அதற்குப் பின் உருவாகும் புரதத்தில் கதிரியக்க அடையாளம் சேராது. வெவ்வேறு நேரங்களில் சீவல்களைப் பதப்படுத்தி ஒளிப்படப் பசையைப் பூசினால், அடையாளமிட்ட புரதம் இருக்கும் இடத்தில் கருந்துகள்கள் விழும். 3 நிமிட முடிவில் அவை ரைபோசோம் ஒட்டிய எண்டோபிளாச வலையின் மேல் நின்றன. அடுத்த 7 நிமிடத்தில் கோல்கையின் ஓரத்து நுண்பைகளில் தெரிந்தன. 37ஆம் நிமிடத்தில் புரதம் செறிவடையும் குமிழ்களில். 117ஆம் நிமிடத்தில் சுரப்பு மணிகளில். உறைந்த படங்களுக்கு இந்த முறை ஒரு கடிகாரத்தைக் கொடுத்தது.

அடுத்த ஆண்டுச் சோதனைகளில், புதிய புரதம் உருவாவதை நிறுத்தினாலும் பயணம் தொடர்ந்தது. செல்லின் ஆற்றல் உற்பத்தியைத் தடுத்தாலோ எண்டோபிளாச வலையைவிட்டு எதுவும் நகரவில்லை. பின்னாலிருந்து வரும் சரக்கு முன்னதைத் தள்ளுவதில்லை, கொண்டுபோவதற்கென்றே செல் ஆற்றல் செலவிடுகிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

பலாடே 1973இல் யேல் பல்கலைக்கழகத்துக்கும், 1990இல் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கும் மாறினார். 1964இல் எவால்ட் வைபெலுடன் இரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்களில் கண்ட சுரப்பு மணிகள் வைபெல்–பலாடே உடலங்கள் என வழங்குகின்றன. இரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் காரணி அவற்றில் சேமிக்கப்படுகிறது. பலாடேயின் ஆய்வகத்துக்கு வந்த குந்தர் புளோபெல், புரதம் தன் இருப்பிடத்துக்கான முகவரியைத் தன்னிலேயே சுமப்பதைக் காட்டி 1999இல் நோபல் பெற்றார். நுண்பைகளை அனுப்பி இணைக்கும் மரபணுக்களையும் புரதங்களையும் அடையாளம் கண்ட ராண்டி ஷெக்மன், ஜேம்ஸ் ராத்மன், தாமஸ் சூட்ஹோஃப் மூவருக்கும் 2013இல் அப்பரிசு கிடைத்தது. பலாடே 2008 அக்டோபரில் கலிபோர்னியாவில் காலமானார்.